இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம்

பூந்தமல்லியில் கரீம் பாயின் ஒர்க் ஷாப். காலை வெயில் இன்னும் தகரக் கூரையைச் சுட ஆரம்பிக்கவில்லை. எங்கள் காரின் பானட் திறந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தோம்: கரீம் பாய், என் கணவர் சேவியர், நான்.

“இப்போ கேக்குதாக்கா?” என்றார் பாய்.

“கேக்குது பாய்.”

நன்றாகவே கேட்டது. எஞ்சினின் வழக்கமான தடதடப்புக்கு மேலே, மெல்லிசாக, விடாமல், ஒரு ‘ஙீ’. பாய் ஆக்ஸிலேட்டர் ஒயரை விரலால் இழுத்தால் அதுவும் கூடவே ஏறியது. விட்டால் இறங்கியது.

“அண்ணே, உங்களுக்கு?”

சேவியர் தலையைச் சாய்த்துக் கேட்டார். குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்து, “இன்னா பாய், ஒண்ணுமே இல்லியே. வண்டி நல்லாத்தானே கீது” என்றார்.

பாய் எஞ்சினை அணைத்தார். ஸ்பேனரால் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டார். “பெல்ட் இல்லாம ரொம்ப நேரம் ஓட்டக் கூடாது. சும்மா பாத்துட்டு ஆஃப் பண்ணிடலாம்” என்று சொல்லி மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. காதோரம் சுற்றிக்கொண்டிருந்த கொசு வெளியே போய்விட்டதைப் போல அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

“இப்போ எப்படிக் கீதுண்ணே?”

“அதே மாதிரிதான் பாய் கீது. இன்னா வித்தியாசம்?”

பாய் சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று புரிந்தது. சேவியர் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் ஏன் பேசாமல் நிற்கிறோம் என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

எஸ்டேட்டுக் காது

போன வாரம் இந்தப் பத்தியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், நான் லைன் சூப்பர்வைசராக இருந்த நாட்களை எழுதியிருந்தேன். கொரட்டூர் வாசகி ஒருவர், “மெஷின் சத்தம் இப்போதும் கனவில் வருகிறதா?” என்று கேட்டிருந்தார்.

கனவில் வருவதில்லை. காதில் தங்கிவிட்டது. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஹால் அது. வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். எல்லாம் சேர்ந்து அடைமழை மாதிரி ஒரே இரைச்சல். ஆனால் அதிலேயே வருடக்கணக்கில் நின்றால், எந்த மெஷினுக்கு எண்ணெய் வேண்டும், எதன் மோட்டார் இன்றைக்கோ நாளைக்கோ படுக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். நின்று போவதற்கு முன்னால் மெஷின் மெல்லிசாக அழும். அந்த அழுகை பிடிபட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம். பிடிபடாவிட்டால் அன்றைய டார்கெட் போச்சு.

எங்கள் லைனில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்தவள் கனகா. அவளை வாசகர்களுக்குத் தெரியும். போன வாரம் நான் எழுதியதில், மத்தியானச் சாப்பாட்டில் கருவாட்டைப் பங்கு போட்டவள். அவள்கூடச் சிரிப்பாள்: “பிலோ அக்கா இருந்தா மெஷினுக்கு ஜுரம் வந்தாகூடத் தெரிஞ்சிரும்.”

வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸியில் புஷ் தேய்ந்திருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

பாடியில் ஒரு பிரஸ் ஷாப்

சேவியர் வேலை பார்த்தது அம்பத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் பாடியில், வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் உதிரி பாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில். பிரஸ் ஷாப். பெரிய பிரஸ் ஒவ்வொன்றும் விழும்போது தரை அதிரும். கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆயுத பூஜைக்கு அழைத்துப்போனார். அன்று மெஷின்கள் ஓடவில்லை. “ஓடுனா இன்னா மாதிரி இருக்கும்?” என்று கேட்டேன். ஒன்றை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே அதுபோல ஒரு வரிசையே இருந்தது.

உள்ளே யாரும் வாயால் பேசமாட்டார்கள். எல்லாம் கைச் சாடைதான். டீக்கு ஒரு சாடை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சாடை. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அது எல்லார் சட்டைப் பையிலும் பத்திரமாக இருந்தது. “அத்த வெச்சிகினா பின்னாடி எவனாவது கத்துனா கேக்காது. கை போயிடும்” என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கையைக் காப்பாற்றிக்கொண்டார்.

அவர் வீட்டில் சத்தமாகப் பேசுவார். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்ளும். பாடி ஆள் அப்படித்தான் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு வாங்கியதுதான் இந்தக் கார். ஆவடியில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருவர் மகனோடு வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. வாங்கும்போதே அது கிழ வண்டி. சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்து, முன்பக்கம் ரோஜாப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. மகள் பெங்களூரிலிருந்து பேசும்போதெல்லாம், “அதை வித்துத் தொலைங்கப்பா” என்பாள். சேவியர் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னால் அதைக் கழுவித் துடைத்து நிறுத்துவார்.

அவர் ஓட்டுவார். நான் இடது பக்கம் உட்காருவேன்.

மழை ஞாயிறு

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு ஞாயிறு. பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வைப்பர் ஓடியது, ஹெட்லைட் எரிந்தது, கண்ணாடியில் பனி படியாமலிருக்க ஏ.சி. போட்டிருந்தார். அப்போதுதான் முதல்முறை கேட்டேன். என் கால் மாட்டுக்கு முன்னால், எங்கேயோ உள்ளேயிருந்து, ‘ஙீ’.

“என்னங்க, ஒரு சத்தம் வருதே.”

பதில் இல்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

“சத்தமா? ஒண்ணும் இல்லியே.”

“நல்லாக் கேளுங்க. மெல்லிசா, விசில் மாதிரி.”

“மழை பிலோ. ரோட்டுத் தண்ணி டயர்ல அடிக்குது.”

மழை இல்லாத நாளிலும் காலையில் வண்டியை எடுக்கும்போது அது கேட்டது. கொஞ்ச தூரம் போனால் அடங்கிவிடும். ஹெட்லைட் போட்டால் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் “இல்லியே” என்றார். கடைசியில், “உனக்கு எப்பவும் ஏதாவது ஒரு சத்தம் வேணும்” என்றார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சத்தத்துக்காக மட்டும் இல்லை.

“மூடி வெச்சிடு”

சில வருடங்களாகவே அவர் என்னைக் கவனிப்பதில்லை என்று எனக்குள் ஒரு முள் இருந்தது. சமையலறையிலிருந்து ஏதாவது சொல்வேன். ஹாலிலிருந்து ஒரு “ம்” வரும். சில சமயம் அதுவும் வராது. டி.வி.யைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துக்கொள்வார். எதையாவது விவரமாகச் சொல்லி முடித்தால், தலையை ஆட்டிவிட்டு வேறெதையோ பேசுவார். ஓய்வு பெற்ற ஆண்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை. அடுப்பில் குழம்பு. போன் வந்தது. கனகாவின் தங்கை பேசினாள். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாளாம், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பிறகு, “என்னங்க, கனகா போயிட்டாளாம்” என்றேன்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “சரி, மூடி வெச்சிடு” என்றார்.

கேஸை அணைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறி, திருமுல்லைவாயிலுக்குத் தனியாகப் போனேன். சாயந்தரம் வந்து குளித்த பிறகு எங்கே போனாய் என்று கேட்டார். “சாவு வீட்டுக்கு. கனகா” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவரிடம் வேண்டியதை மட்டும் பேசினேன். உப்பு, பால், கரண்டு பில். மனசில் இருப்பதை எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளப் பழகினேன். அதைவிடப் பெரிய சண்டைகள் போட்டிருக்கிறோம். ஆனால் அவையெல்லாம் இரண்டு பேரும் கத்திப் போட்ட சண்டைகள். இது அப்படி இல்லை. எங்கள் வீட்டில் சத்தமே இல்லாமல் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டு வந்தது.

வராத சத்தம்

வண்டிக்கு வருகிறேன். நான் தொல்லை செய்து செய்து ஒருநாள் பூந்தமல்லிக்கு வண்டியை விட்டார். கரீம் பாய்தான் டாக்டர் காலத்திலிருந்து அதற்கு மெக்கானிக். எங்களைவிடச் சின்னவர், தாடியில் இப்போதுதான் நரை.

பாய் பானட்டைத் தூக்கினார். வண்டி சமத்தாக நின்றது. ஒரு முனகல்கூட இல்லை.

“ஒண்ணும் வரலியேக்கா.”

“அதான் நான் அப்பவே சொன்னேன்” என்றார் சேவியர்.

எனக்கு அவமானமாக இருந்தது. பாய் அதைக் கவனித்திருக்க வேண்டும். “வண்டிங்க அப்படித்தான்க்கா. ஒர்க் ஷாப்ப பாத்தா வாயே தொறக்காது. நீங்க எப்போ எப்போ வருதுன்னு மட்டும் பாத்து வைங்க” என்றார்.

பார்த்து வைத்தேன். அடுத்த முறை போனபோது, “பெல்ட்டா இருக்கும் பாய். எங்க கம்பெனியில மோட்டார் பெல்ட் லூசானா இப்படித்தான் கத்தும்” என்று தைரியமாகச் சொன்னேன். பெல்ட்டும் விரிசல் விட்டுத்தான் இருந்தது. பாய் புதிது மாட்டினார். வீடு வந்து சேர்வதற்குள் பருத்திப்பட்டு அருகே அது மறுபடி வந்துவிட்டது. என் காது சரியாக இருந்தது. நான் சொன்ன காரணம்தான் தப்பு.

போனில் சொன்னேன். பாய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

“காலையில வண்டி ஆறிக் கெடக்கும்போது வருது. லைட்டு, ஏ.சி. போட்டா வருது. சரியாக்கா?”

“சரி பாய்.”

“நாளைக்குச் சாயந்தரம் வண்டிய இங்க உட்டுட்டுப் போங்க. மறுநாள் காலைல வாங்க. நீங்க வந்தப்புறந்தான் ஸ்டார்ட்டே பண்ணுவேன்.”

அப்படித்தான் அந்தக் காலையில் நாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். பாய் ஹெட்லைட்டைப் போட்டு, ஏ.சி. பிளோயரை முழுதாகத் திருப்பி, சாவியைச் சுற்றினார். ‘ஙீ’ என்றது வண்டி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சொன்னது பொய்யில்லை என்று இன்னொரு ஆளுக்கும் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

ஸ்க்ரூ டிரைவர்

பாய் சேவியரிடம் எதையும் உடைத்துச் சொல்லவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் முனையை டைனமோவின் உடம்பில் வைத்து, கைப்பிடியைத் தன் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு, “அண்ணே, இப்பிடி வந்து கேளுங்க” என்று கைப்பிடியைச் சேவியரின் காதுப்பக்கத்து எலும்பில் மெதுவாக அழுத்தினார்.

சேவியரின் புருவம் உயர்ந்தது.

“ஆமா பாய். கறகறன்னு கீது. மண்ணு அரைக்கிற மாதிரி.”

“அதான்ணே. டைனமோ பேரிங் போயிருக்கு. லைட்டு, ஏ.சி. போட்டா டைனமோவுக்கு லோடு ஏறுது, அப்போ கத்துது. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா பேரிங் புடிச்சிகினு பெல்ட்டு அறுந்திருக்கும். இந்த வண்டியில தண்ணி பம்பும் அதே பெல்ட்டுதான். பைபாஸ்ல நடு ரோட்ல சூடாகி நின்னிருப்பீங்க, பின்னாடி கன்டெய்னர் லாரிங்க.” கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என் பக்கம் தலையசைத்தார். “அக்காதான் காப்பாத்துனாங்க.”

சேவியர் ஸ்க்ரூ டிரைவரையே பார்த்தார்.

“இது இல்லாம உங்களுக்குக் கேக்குதா பாய்?”

“கேக்குதுண்ணே.”

“அவளுக்கும் கேக்குது.”

“ஆமா.”

“எனக்குக் கேக்கலியே.”

பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். தானும் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

“எனக்கும் வலது காது கம்மிதாண்ணே. கிரைண்டர் புடிச்ச பக்கம். ஊட்ல பிள்ளைங்க அந்தப் பக்கமிருந்து கூப்ட்டா திரும்ப மாட்டேன். மொதல்ல ரோஷமாத்தான் இருந்துது. அப்புறம் போய்க் காட்டுனேன். நீங்க பிரஸ் ஷாப்புல எவ்ளோ வருஷம் நின்னவரு. காது தேயாம இருக்குமா? பேரிங்கே தேயுது.”

இவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து போய் டைனமோவைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றியதைக் கொண்டுவந்து சேவியரின் மடியில் வைத்து, “கையால சுத்திப் பாருங்க” என்றார். சேவியர் அதன் சக்கரத்தைச் சுற்றினார். அது வழுக்கிக்கொண்டு சுற்றவில்லை. தட்டித் தட்டி நின்றது. அவர் திரும்பத் திரும்ப அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரை

மத்தியானம் புது பேரிங் போட்டு வண்டியைக் கொடுத்தார் பாய். சேவியர் வண்டியை எடுத்தார். பருத்திப்பட்டு ஏரி வந்ததும் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

நான் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

“கனகா போயிட்டான்னு நான் சொன்ன அன்னிக்கு, உங்களுக்கு என்ன கேட்டுச்சு?”

அவர் யோசித்தார். “நீ எப்போ சொன்ன?”

“அடுப்பங்கரையிலிருந்து. நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. மூடி வெச்சிடுன்னு சொன்னீங்க.”

அவருக்கு அந்தக் காலை ஞாபகம் வர நேரமானது. வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“கொழம்பு ஆயிட்சின்னு சொன்னன்னு நெனச்சேன் பிலோ.”

ஏரியின்மேல் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.

“கனகா என்கூடப் பொறந்தவ மாதிரி” என்றார். “எத்தினி வாட்டி அவ கையால சாப்ட்ருக்கேன். அவ செத்ததுக்கு நீ எங்கிட்ட சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டன்னு நெனச்சிகினு இருந்தேன். ஊட்ல வண்டிய வெச்சிகினு, என்னை இட்டுகினு போவக்கூட உனக்குத் தோணலியேன்னு. ரொம்ப நாள் மனசுல அதான் ஓடிகினு இருந்துது. கேக்கவும் பிடிக்கல.”

இத்தனை நாள் என் பக்கத்து வருத்தத்தை மட்டுமே நான் அறிந்திருந்தேன். அவருக்கும் ஒன்று இருந்திருக்கிறது; என்னுடையதைப் போலவே, அதே அளவில், அதே காலையிலிருந்து.

“நான் சொன்னேங்க” என்றேன்.

“சரி” என்றார். பிறகு, “எனக்குக் கேக்கல” என்றார். அந்த இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அன்று மாலை இரண்டு பேருமாக வண்டியை எடுத்துக்கொண்டு கனகாவின் தங்கை வீட்டுக்குப் போனோம். துக்கம் விசாரிக்க ரொம்பத் தாமதம்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சேவியர் கனகாவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அம்பத்தூரில் காது பரிசோதிக்கும் இடம் ஒன்றுக்குப் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறை. சேவியரின் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.

நான் வெளியே, பரிசோதிக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு சத்தமாக அனுப்ப அனுப்ப, அவள் மேசைமேல் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. முதலில் விளக்கு எரியும், அவர் கட்டைவிரல் அழுத்தும். விளக்கு எரியும், அழுத்தும். பிறகு விளக்கு எரிந்தது, அவர் அசையவில்லை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். விளக்கு எரிந்தது. அவர் பரீட்சைக்கு வந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைத் தயாராகப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, கவனமாகக் காத்திருந்தார். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

எத்தனை வருடமாக என் பேச்சு இப்படி எரிந்து எரிந்து அணைந்ததோ என்று நினைத்தேன். அவரும் இப்படித்தான் காத்திருந்திருக்கிறார், நான் பேசவே இல்லை என்று நினைத்துக்கொண்டு.

“தடிமனான சத்தம் நல்லாக் கேக்குது. மெல்லிசான சத்தந்தான் போயிருக்கு. அதனால பேச்சு வர்றது தெரியும், வார்த்தை தெரியாது. பக்கத்துல இருந்து, முகம் பாத்துப் பேசினா புரிஞ்சிக்குவார்” என்றாள் அந்தப் பெண். “ரொம்ப வருஷம் சத்தத்துல வேலை பாத்தாரா?”

நான் பாடி பிரஸ் ஷாப்பைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவதாகச் சொன்னாள். வராதவர்கள் அதைவிட அதிகம் என்றாள்.

தினம் ஒரு சத்தம்

காது மெஷின் வந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர் நடைபாதையில் நின்றுவிட்டார். “இது இன்னா சத்தம்?” என்றார். அவருடைய செருப்புச் சத்தம்தான்.

முதல் ஒரு வாரம் படாத பாடுபட்டார். தாளிக்கும் சத்தம் ஆகாது, பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் ஆகாது. கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே எடுத்து மாட்டிக்கொள்வார்.

வண்டியில் ஏறியபோதுதான் வேடிக்கை. “இவ்ளோ சத்தம் போடுதா இது? இதுலயா நாம இத்தினி நாள் போய்கினு இருந்தோம்?” என்றார். டேஷ்போர்டு கிடுகிடுத்தது, கதவுப் பலகை முனகியது, சைலன்சர் தகடு எங்கேயோ தட்டியது. எல்லாம் நான் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டவை. அவருக்கு எல்லாம் புதிது. தினம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போவார்.

ஒருநாள் பாய் எனக்குப் போன் செய்தார். “அக்கா, அண்ணன் இன்னிக்கும் வந்துட்டாரு. இண்டிகேட்டர் போட்டா டிக் டிக்குனு வருதாம். அது அப்படித்தான்ணே வரணும்னு சொன்னா நம்ப மாட்றாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க.” சிரிப்பை அடக்கமுடியாமல் போனை வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு கேக் எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனோம். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். கடைசியில், “நீங்க அன்னிக்கு அந்த ஸ்டூலைப் போட்டு உக்கார வெச்சீங்களே பாய்” என்று மட்டும் சொல்ல வந்தது. அவருக்கு ஸ்டூல் ஞாபகமில்லை. “டைனமோ எப்படிக் கீது?” என்று கேட்டார்.

பிரஸ் ஷாப் ஆட்கள்

பொங்கல் முடிந்த சமயம் சேவியர் தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். “காதுக்கு ஒரு டெஸ்ட்டு. நான் வண்டி எடுத்தாறேன். நீ கெளம்பி மட்டும் நில்லு.” பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் கோபப்பட்டு, “நான் இன்னா செவிடனா?” என்று போனை வைத்துவிட்டார். மூன்று பேர் சரியென்றார்கள்.

ஒருநாள் காலை அந்த மூவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் போனோம். வழியெல்லாம் ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தார். முக்கியமான இடங்களில் வாய்ப் பேச்சு நின்று, பழைய கைச் சாடை வந்துவிடும். சேவியர் கண்ணாடியில் பார்த்து அதற்குச் சாடையிலேயே பதில் சொல்ல, நான் ரோட்டைப் பார்க்கச் சொல்லி அதட்டினேன்.

மூன்று பேருக்கும் ஒரே மாதிரி முடிவுதான் வந்தது.

கடைசியாக இறக்கிவிட்டது முனுசாமியை, திருநின்றவூரில். சேவியருக்கு அடுத்த பிரஸ்ஸில் நின்றவர். அவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக, அவர் மனைவி சரோஜா வெளியே வந்தார். சேவியர் எஞ்சினை ஓடவிட்டபடி வண்டியிலேயே இருந்தார். நான் மட்டும் இறங்கி, டெஸ்ட் செய்த இடத்தில் சொன்னதைச் சொன்னேன். எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை, வார்த்தை எப்படித் தவறிப்போகிறது என்று.

சரோஜா கேட்டுக்கொண்டே இருந்தார். கை கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தது.

“கேக்கறதே இல்லியாங்க அவருக்கு?”

“பக்கத்துல போய், முகம் பாத்துச் சொன்னா கேக்கும்.”

“எம் மேல கோவமா கீறாருன்னு நெனச்சிகினு இருந்தேங்க” என்றார் மெல்லிய குரலில். “பொண்ணு கல்யாணத்துலேர்ந்து. இன்னா பண்ணிட்டேன்னே தெரியாம.”

நான் அவர் கைமேல் என் கையை வைத்தேன். “கோவம் இல்லீங்க. கேக்கல, அவ்ளோதான்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே முனுசாமி செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டை அகலமாகத் திறந்து, அதே மெல்லிய குரலில், “உள்ள வாங்க. காபி போடறேன்” என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், எனக்குப் பின்னால் சேவியர் எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார்.